மரவளையமும் தக்காணப் பஞ்ச வரலாறும்

1591-இல் தோன்றிய ஐதராபாத் நகரம் பஞ்சம், வெள்ளம் ஆகிய இரண்டையும் கண்டது. மழையளவுப் பதிவுகள் இல்லாத காலத்தின் மழைநிலையை அறிய மரவளையம் சான்றாகிறது. அச்சான்றின் ஆற்றலும் எல்லையும் ஈண்டு ஆராயப்பெறுகின்றன.

எல்லா மரங்களும் ஆண்டுக்கணக்கைக் காட்டுவதில்லை. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. புல்லினத்துள் அடங்கும் பனை, தென்னை முதலியவற்றில் ஆண்டுவளையம் தோன்றுவதில்லை. அகக்காழுடைய வெப்பமண்டல மரங்கள் பலவற்றிலும், வளர்ச்சியை நிறுத்தும் கடுங்குளிர் இன்மையால், வளையம் தெளிவுறுவதில்லை. தேக்கு இதற்கு விலக்காகும். வறட்சிக் காலத்தில் இலையுதிர்த்து வளர்ச்சி ஒடுங்கும் தேக்கு, மீண்டும் வளரத் தொடங்குகையில் பெருந்துளைகளையுடைய கட்டையை உருவாக்குகிறது. அத்துளை வரிசையே புதிய வளையத்தின் தொடக்கம். மழை குறைந்த ஆண்டுகளில் வளையம் பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். பல மரங்களின் வளையங்களை ஒப்பிட்டு ஆண்டு உறுதி செய்யப்படுகிறது.

புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த போர்கோங்கர் குழுவினர், கேரளத் தேக்கிலிருந்து 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டு வளையத் தொடரை 2010-இல் வெளியிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல், எல் நினோவோடு இணைந்த வறட்சி ஆண்டுகளில் குறைவளர்ச்சி மிகுதியாக நிகழ்ந்தமையை அது காட்டியது. அதே ஆண்டில் எட்வர்ட் குக் குழுவினர், 300-க்கும் மேற்பட்ட வளையத் தொடர்களைக் கொண்டு ஆசியப் பருவமழைப் பகுதியின் வறட்சி வரைபடத்தொகுதியை அமைத்தனர். 1876-78-ஆம் ஆண்டுகளின் பெருவறட்சி அதில் புலப்படுகிறது.

தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் எனப்படும் அக்கொடுமை சென்னை, மைசூர், பம்பாய்ப் பகுதிகளோடு ஐதராபாத்தையும் தாக்கியது. ஆயினும் அந்நாளில் இந்தியத் தானியம் ஏற்றுமதியானதை எவ்வளையமும் கூறாது. மழை பொய்த்தமையை மட்டுமே பஞ்சத்தின் காரணமாகக் கொள்வது ஆட்சியாளரின் பொறுப்பை மறைத்துவிடும்.

வெள்ளத்திற்கும் இவ்வெல்லை பொருந்தும். 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு பெருக்கெடுத்தபோது, அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின்மேல் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். ஓரிரு நாள் பெருமழையை ஓர் ஆண்டின் வளர்ச்சியைக் காட்டும் வளையத்தில் தனித்துக் காண்டல் அரிது. அந்நிகழ்வை மக்கள் நினைவும், அதன் விளைவாய் எழுந்த உஸ்மான் சாகர், இமாயத் சாகர் நீர்த்தேக்கங்களுமே காட்டுகின்றன.

எனவே மரவளையம் ஆவணத்திற்கு மாற்றன்று, துணைச்சான்றேயாம். கல்வெட்டு, பஞ்சக் கும்மி, வருவாய்த்துறைப் பதிவு ஆகியவற்றின் காலக்குறிப்புகளை வளையத் தொடரோடு ஒப்பிட்டால், மழையின்மையால் நேர்ந்ததையும் ஆட்சியால் நேர்ந்ததையும் பிரித்தறிய வழி பிறக்கும். இவ்வொப்பீடு தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்கது.