கொழுப்பை எரித்தால் வேகம் கூடுமா? நெடுந்தூர வீரர்களும் குறைந்த மாவுச்சத்து உணவுமுறையும்

மாரத்தான், டிரையத்லான், நெடுந்தூர சைக்கிள் பந்தயம் எனப் பல மணி நேரம் நீளும் போட்டிகளில் பங்கேற்போரிடையே, சோறு, சப்பாத்தி, பழங்கள், சர்க்கரை ஆகியவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, முட்டை, இறைச்சி, பனீர், நெய், கொட்டை வகைகள் ஆகியவற்றுக்கு மாறும் உணவுமுறை கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் பெரிதும் பேசப்பட்டு வருகிறது. 'குறைந்த மாவுச்சத்து, அதிகக் கொழுப்பு' என்று அழைக்கப்படும் இம்முறைக்கு மாறினால் உடல் கொழுப்பை எரிக்கும் திறன் கணிசமாக உயர்கிறது என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியாகியுள்ளது. ஆனால், அதனால் போட்டியில் வேகம் கூடுகிறதா என்ற கேள்விக்கு அதே ஆய்வுகள் தரும் பதில், இம்முறையைப் பின்பற்றுவோரின் எதிர்பார்ப்புக்கு மாறாக உள்ளது.

எரிபொருள் கணக்கு

உடலுழைப்பின்போது தசைகள் முதன்மையாக இரண்டு எரிபொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்று, மாவுச்சத்திலிருந்து உருவாகித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன். மற்றொன்று கொழுப்பு. கிளைகோஜன் சேமிப்பு ஏறத்தாழ 500 கிராம் அளவிலேயே இருக்கும். அதிலிருந்து சுமார் 2,000 கலோரி ஆற்றல் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 42.195 கி.மீ. மாரத்தானை ஓடி முடிக்க ஏறத்தாழ 3,000 கலோரி தேவைப்படுகிறது. கடைசி 10 கி.மீ. தொலைவில் பல ஓட்டக்காரர்கள் திடீரெனத் தளர்ந்துபோவதற்கு இந்தப் பற்றாக்குறை முக்கியக் காரணமாகும்.

அதே நபரின் உடலில் கொழுப்பு 10 சதவீதம் மட்டுமே இருந்தாலும், அதன் எடை 7 கிலோ. அதில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 60,000 கலோரி. இந்தச் சேமிப்பைத் தடையின்றிப் பயன்படுத்த உடலைப் பழக்கிவிட்டால், வழியில் இனிப்புப் பானங்களையோ ஜெல்களையோ நம்பியிருக்கத் தேவையில்லை என்பதே இந்த உணவுமுறையின் அடிப்படை வாதமாகும்.

எவ்வளவு குறைக்கப்படுகிறது?

ஆய்வுகளில் பின்பற்றப்படும் கடுமையான வடிவத்தில், ஒரு நாளின் மாவுச்சத்து 50 கிராமுக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. மொத்த ஆற்றலில் 75 முதல் 80 சதவீதம் வரை கொழுப்பிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பகுதி புரதத்திலிருந்தும் பெறப்படுகிறது. இந்நிலையில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்குகிறது. மூளை உள்ளிட்ட உறுப்புகள் அவற்றை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. இதனாலேயே இது 'கீட்டோ' உணவுமுறை என்றும் அழைக்கப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு, 150 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து உள்ளது. நடுத்தர அளவிலான ஒரு வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம் உள்ளது. அதாவது, ஒரு கிண்ணம் சோறும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தாலே நாள் முழுவதற்குமான வரம்பு தாண்டிவிடும். இதற்கு நேர்மாறாக, நாள்தோறும் 1 முதல் 3 மணி நேரம் பயிற்சி செய்யும் வீரர்கள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் நிலைபெற்றுள்ள வழிகாட்டுதலாகும். 60 கிலோ எடையுள்ள வீரருக்கு இது குறைந்தது 360 கிராம்.

நூற்றாண்டு கடந்த விவாதம்

இந்த விவாதம் புதிதன்று. ஆர்க்டிக் பகுதியில் காணாமல்போன ஃபிராங்க்ளின் பயணக் குழுவின் தடயங்களைத் தேடி 1878-ல் புறப்பட்ட அமெரிக்க ராணுவ அதிகாரி ஃபிரெடரிக் ஷ்வட்கா, வேட்டையாடிய கலைமான் இறைச்சியை மட்டுமே உண்டு வாழும்போது தொடக்கத்தில் உடல் தளர்வதையும், இரண்டு, மூன்று வாரங்களில் அத்தளர்ச்சி நீங்குவதையும் தமது குறிப்பேட்டில் பதிவு செய்துள்ளார்.

1939-ல் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் கிறிஸ்டென்சன், ஹான்சன் ஆகியோர், மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டவர்கள், கொழுப்பு மிகுந்த உணவை உண்டவர்களைவிட நீண்ட நேரம் உழைக்க முடிந்ததைக் கண்டறிந்தனர். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகியோர் தசையிலிருந்து ஊசி மூலம் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, கிளைகோஜன் தீர்வதற்கும் உடல் களைப்படைவதற்கும் உள்ள தொடர்பை நிறுவினர். போட்டிக்கு முந்தைய நாள்களில் மாவுச்சத்தை மிகுதியாக உட்கொள்ளும் வழக்கம் இதிலிருந்தே பரவியது.

1983-ல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ஃபின்னி வெளியிட்ட ஆய்வு இதற்கு மாற்றுக் கருத்தை முன்வைத்தது. நன்கு பயிற்சி பெற்ற ஐந்து சைக்கிள் வீரர்கள் நான்கு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்துடன் வாழ்ந்தனர். மிதமான வேகத்தில் களைத்துப்போகும் வரை அவர்கள் மிதித்த சராசரி நேரம், உணவு மாற்றத்துக்கு முன் 147 நிமிடங்களாகவும், பின் 151 நிமிடங்களாகவும் இருந்தது. கிளைகோஜன் செலவு பெருமளவு குறைந்தபோதிலும் தாங்குதிறன் குன்றவில்லை என்பதே இதன் முடிவு. எனினும், பங்கேற்றவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் பெரிதும் முன்னேற, வேறு சிலர் பின்தங்கினர் என்பதையும் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

இந்தக் கருத்தைப் பொதுமக்களிடம் பரவலாகக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவ அறிஞர் டிம் நோக்ஸ். ஓட்டப் பயிற்சி குறித்த அவரது நூல் பல ஆண்டுகளாக மாவுச்சத்து மிகுந்த உணவைப் பரிந்துரைத்து வந்தது. இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு ஆளான அவர், 2010-ல் தமது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். அந்நூலின் ஊட்டச்சத்து அத்தியாயத்தைக் கிழித்தெறியுமாறு வாசகர்களிடம் வெளிப்படையாகவே கூறினார்.

கான்பெராவில் நடந்த சோதனை

இக்கேள்விக்கு உலகத் தரம் வாய்ந்த வீரர்களைக் கொண்டு விடை காண முயன்றவர், ஆஸ்திரேலிய ஊட்டச்சத்து அறிஞர் லூயிஸ் பர்க். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் நடைப்போட்டி வீரர்கள் மூன்று வாரங்கள் கடும் பயிற்சி மேற்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு எப்போதும் மாவுச்சத்து மிகுந்த உணவும், மற்றொரு பிரிவினருக்குப் பயிற்சிக்கு ஏற்ப மாவுச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் உணவும், மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பு மிகுந்த உணவும் வழங்கப்பட்டன.

2017-ல் வெளியான முடிவுகளின்படி, 10 கி.மீ. நடைப்போட்டியில் முதல் பிரிவினரின் செயல்திறன் சராசரியாக 6.6 சதவீதமும், இரண்டாம் பிரிவினரின் செயல்திறன் 5.3 சதவீதமும் மேம்பட்டன. கொழுப்பு மிகுந்த உணவை உண்டவர்களிடம் முன்னேற்றம் ஏதும் இல்லை. அவர்களது சராசரி நேரம் 1.6 சதவீதம் பின்தங்கியது. இத்தனைக்கும் அவர்களது உடல் நிமிடத்துக்கு 1.57 கிராம் என்ற மிக உயர்ந்த அளவில் கொழுப்பை எரித்தது. அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனும் மற்ற இரு பிரிவினரைப் போலவே அவர்களுக்கும் உயர்ந்திருந்தது.

முடிவு தற்செயலானதாக இருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க, அதே குழு சோதனையை மீண்டும் நடத்தியது. 2020-ல் வெளியான அந்த ஆய்விலும், மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டவர்கள் 4.8 சதவீதம் முன்னேறினர். கொழுப்பு மிகுந்த உணவை உண்டவர்கள் 2.3 சதவீதம் பின்தங்கினர்.

காரணம் என்ன?

விடை ஆக்சிஜனில் உள்ளது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5.05 கலோரி ஆற்றல் கிடைக்கிறது. கொழுப்பை எரித்தால் கிடைப்பது சுமார் 4.69 கலோரி மட்டுமே. அதே வேகத்தில் செல்வதற்குக் கொழுப்பை நம்பும் உடலுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. மெதுவாக ஓடும்போது இது ஒரு பொருட்டன்று. நுரையீரலும் இதயமும் தம் எல்லையை நெருங்கி உழைக்கும் போட்டி வேகத்தில், கூடுதலாகப் பெறுவதற்கு ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதில்லை. பயிற்சியால் ஈட்டிய திறனை இந்தக் கூடுதல் செலவு விழுங்கிவிடுகிறது.

கொழுப்புக்குப் பழகிய தசைகளில், மாவுச்சத்தை எரிக்க உதவும் முக்கிய நொதியின் செயல்பாடு குறைவதாக 2006-ல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. அதே ஆண்டு, நோக்ஸும் இடம்பெற்ற கேப் டவுன் ஆய்வுக் குழு, சில நாள்கள் கொழுப்பு மிகுந்த உணவை உண்டபின் ஒரு நாள் மாவுச்சத்தை நிரப்பிக்கொண்டு 100 கி.மீ. ஓட்டிய சைக்கிள் வீரர்களைப் பரிசோதித்தது. மொத்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், இடையிடையே 1 கி.மீ. தொலைவுக்கு விரைந்து மிதிக்க வேண்டிய கட்டங்களில் அவர்களது ஆற்றல் குறைந்தது. மேட்டில் ஏறும்போதும், எதிராளியை முந்தும்போதும், இறுதி ஓட்டத்திலும் வெற்றியைத் தீர்மானிப்பவை இத்தகைய கட்டங்களே.

யாருக்குப் பொருந்தலாம்?

இந்த உணவுமுறை எவருக்கும் பயன்தராது என்று கூறிவிட முடியாது. 2016-ல் அமெரிக்காவின் ஜெஃப் வோலக் குழுவினர், சராசரியாக 20 மாதங்கள் இம்முறையில் இருந்த 10 அல்ட்ரா மாரத்தான், டிரையத்லான் வீரர்களை, மாவுச்சத்து உண்ணும் 10 வீரர்களுடன் ஒப்பிட்டனர். முதல் பிரிவினரின் உச்ச கொழுப்பு எரிப்பு நிமிடத்துக்கு 1.54 கிராம், இரண்டாம் பிரிவினருக்கு 0.67 கிராம். இரு பிரிவினரும் மூன்று மணி நேரம் மிதமான வேகத்தில் ஓடி முடித்தனர். நீண்ட காலப் பழக்கத்துக்குப் பிறகு மாறுபட்ட பலன் கிடைக்கக்கூடும் என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆயினும், இந்த ஆய்வு போட்டி நேரத்தை ஒப்பிடவில்லை.

நியூசிலாந்தில் ஐந்து பொழுதுபோக்கு வீரர்களிடம் பத்து வாரங்கள் நடத்தப்பட்ட சிறிய ஆய்வில், உடல் எடையும் கொழுப்பும் குறைந்தன. நலமாக உணர்வதாகவும் அவர்கள் தெரிவித்தனர். ஆனால், செயல்திறன் குன்றியது. எனவே, எடைக் குறைப்பை முதன்மை நோக்கமாகக் கொண்டவர்களுக்கும், மிக நீண்ட தொலைவை நிதானமான வேகத்தில் கடப்பவர்களுக்கும், ஜெல்கள் வயிற்றுக்கு ஒவ்வாதவர்களுக்கும் இது பரிசீலிக்கத்தக்கதாக இருக்கலாம். மாரத்தான் நேரத்தைக் குறைக்க விரும்புவோருக்கு இது சாதகமானது என்பதற்கு வலுவான சான்று இல்லை.

மாறும் வாரங்களில் நேர்வது

மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் அளவு குறைகிறது. அதனால் சிறுநீரகங்கள் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. முதல் ஓரிரு வாரங்களில் தலைவலி, களைப்பு, தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, மலச்சிக்கல் ஆகியவை தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இந்தியக் கோடையில் வியர்வை வழியாகவும் உப்பு வெளியேறுவதால் பாதிப்பு மேலும் கூடும். உப்பும் நீரும் போதிய அளவில் உட்கொள்வது இன்றியமையாதது.

வழக்கமான வேகத்தில் ஓடும்போதும் இதயத் துடிப்பு உயர்வதைப் பலர் காண்கின்றனர். உடல் பழகுவதற்கு மூன்று முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், போட்டி நெருங்கும் நேரத்தில் இந்த மாற்றத்தைத் தொடங்குவது உகந்ததன்று. போட்டிகள் இல்லாத பருவமே இதற்கு ஏற்றது.

இந்தியத் தட்டில் உள்ள சிக்கல்

இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு தெரிவிக்கிறது. அதை 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது, வீட்டின் சமையல் முறையையே மாற்றுவதாகும். சைவ உணவு உண்போருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அவர்களது முக்கியப் புரத ஆதாரமான பருப்பு வகைகளின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்தே உள்ளது. அவற்றையும் குறைத்தால் பனீர், டோஃபு, கொட்டைகள் ஆகியவற்றையும், உண்பவராயின் முட்டையையுமே புரதத்துக்கு நம்ப வேண்டியிருக்கும். நார்ச்சத்துக்குக் கீரை, காய்கறிகளைச் சேர்ப்பதும், நெய், வெண்ணெயை மட்டும் நம்பாமல் கடலை எண்ணெய், எள், கொட்டைகள் போன்றவற்றிலிருந்து கொழுப்பைப் பெறுவதும் அவசியம்.

மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு, சர்க்கரை அளவு பெரிதாக உயராத நிலையிலேயே ரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் ஏற்படும் அபாயம் உண்டு. இவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி இம்முறைக்கு மாறக் கூடாது. கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், உணவு உண்பது தொடர்பான மனநலப் பாதிப்பு இருந்தவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு கணிசமாக உயர்கிறது என்பதால், தொடங்கும் முன்பும் சில மாதங்களுக்குப் பின்பும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கான்பெரா ஆய்வில் பங்கேற்ற வீரர்களிடம், மூன்றரை வாரங்களிலேயே எலும்புச் சிதைவைக் காட்டும் குறியீடுகள் உயர்ந்ததும், எலும்பு உருவாக்கக் குறியீடுகள் குறைந்ததும் பதிவாகியுள்ளன.

இடைப்பட்ட வழி

இரு முனைகளில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் ஓரிரு மெதுவான பயிற்சிகளைக் காலையில் உண்பதற்கு முன் செய்வதும், வேகப் பயிற்சிக்கும் போட்டிக்கும் மாவுச்சத்தை நிரப்பிக்கொள்வதும் பல முன்னணி வீரர்கள் பின்பற்றும் முறையாகும். கான்பெராவில் 5.3 சதவீதம் முன்னேறிய பிரிவினர் பின்பற்றியதும் இத்தகைய முறையையே. நீண்ட போட்டிகளின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரையிலும், இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்டவற்றில் 90 கிராம் வரையிலும் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது தற்போதைய வழிகாட்டுதல். அந்த அளவை வயிறு ஏற்றுக்கொள்ள, அதற்கும் பயிற்சிக் காலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.