500 பவுண்டு கடன், நான்கு பாட்டு

இன்றைக்குப் புதிதாகக் கிளம்புகிற ராக் இசைக் குழுக்களில் பாதிப் பேர் தங்களை 'இண்டி' என்கிறார்கள். ஏதோ பாட்டின் ரகம் போலிருக்கிறது என்று நினைப்போம். சமாசாரம் வேறு. இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம் அது. இசைத்தட்டுக்குக் காசு போட்டது யார் என்பதுதான் ஆரம்பத்தில் அதற்கு அர்த்தம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமா? 1976, இங்கிலாந்து.

ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்று இரண்டு பேர். மான்செஸ்டர் பக்கத்தில் போல்டனில் கல்லூரி மாணவர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் குழுவைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் கச்சேரி கேட்டார்கள். அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. ஜூன் 4-ம் தேதி அந்தக் குழுவை மான்செஸ்டருக்கே வரவழைத்துவிட்டார்கள். தாங்களும் அதே மேடையில் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால், ஆள் சேரவில்லை. ஜூலை 20-ல் பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோதுதான் மேடை ஏறினார்கள். பேஸ் கிடார் ஸ்டீவ் டிகிள். டிரம்ஸ் ஜான் மஹர், வயது 16. குழுவின் பெயர் பஸ்காக்ஸ்.

அடுத்தது இசைத்தட்டு. அந்த நாளில் ஊரறிந்த வழி ஒன்றுதான். பாட்டைப் பதிந்து லண்டன் கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சின்னக் கம்பெனிகளும் இருந்தன. ஆனால், அங்கேயும் முதலாளி வேறொருவர்தானே?

பஸ்காக்ஸ் வாசலைப் பார்க்கவில்லை. கடன் வாங்கினார்கள். மொத்தம் 500 பவுண்டு. கொடுத்தவர்கள் நண்பர்கள், உறவினர்கள். ஷெல்லியின் அப்பாவும் அதில் உண்டு.

டிசம்பர் 28. மான்செஸ்டர் இண்டிகோ ஸ்டூடியோ. தயாரிப்பு மார்ட்டின் ஹானெட். ஒரே நாளில் நான்கு பாட்டு. அதில் மூன்று, முதல் டேக்கிலேயே ஓகே! 'போர்டம்' என்ற பாட்டில் தனியாகக் கிடார் வாசிக்கும் இடம் வரும். வித்தை காட்ட வேண்டிய இடம். ஷெல்லி இரண்டே இரண்டு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். போர்டம் என்றால் சலிப்பு. வேறென்ன வேண்டும்?

கம்பெனிக்கு நியூ ஹார்மோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸ், குமாஸ்தா என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். குழுவும் மேனேஜர் ரிச்சர்ட் பூனும்தான் கம்பெனி. அட்டைப்படமே பூன் போலராய்டு கேமராவில் எடுத்ததுதான்.

பின்னட்டையைத்தான் கவனிக்க வேண்டும். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அப்புறம் எதைச் சேர்த்தோம் என்று எல்லாவற்றையும் அச்சிட்டிருந்தார்கள். சமையல்காரர் சாம்பாரைப் பரிமாறிவிட்டு, இலையோரம் செய்முறைச் சீட்டையும் வைத்த மாதிரி.

1977 ஜனவரி 29-ல் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' வெளியானது. அடித்தது 1000 தட்டு. வகுத்துப் பாருங்கள், ஒரு தட்டுக்கு அடக்கம் அரை பவுண்டு. விற்காவிட்டால் ஷெல்லி அப்பா முகத்தில் எப்படி விழிப்பார்? நல்லவேளை, விற்றது. மறுபடி மறுபடி அடித்து, கடைகளிலும் தபாலிலுமாகச் சுமார் 16,000 போனது.

ஆனால் பாருங்கள், தட்டு வந்த கொஞ்ச நாளிலேயே டெவோட்டோ விலகிவிட்டார். ஷெல்லி பாட ஆரம்பித்தார். ஆகஸ்ட்டில் பஸ்காக்ஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் கையெழுத்தும் போட்டது. சொந்தக் கடை திறந்தவர்களே அடுத்த தெரு ஜவுளி மாளிகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

போகட்டும். சீட்டுதான் ஊரெல்லாம் போய்விட்டதே! 1978-ல் ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு தன் முதல் தட்டின் உறையில் ஸ்டூடியோ வாடகை, தட்டு அடித்த கூலி என்று செலவுக் கணக்கையே அச்சிட்டது. அதே ஆண்டு மான்செஸ்டரில் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் தொடங்கியது. அங்கேயும் ஹானெட் இருந்தார். 1980 ஜனவரியில் இப்படிப்பட்ட தட்டுகளுக்கென்றே பிரிட்டனில் தனி விற்பனைப் பட்டியல் வந்தது. அதன் பெயர்தான் இண்டி சார்ட்.

அதுவரை "நமக்கு யார் வாய்ப்பு தருவார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்த பையன்கள், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.