செவிலியர் கல்வியில் மாணவர் வதை

செவிலியர் கல்வியில் மாணவர் வதை என்பது, நோயாளியைப் பேணும் தொழிலைக் கற்க வந்தவர்களை, அவர்கள்மீது அதிகாரம் வாய்ந்த ஆசிரியரோ, வார்டுப் பொறுப்பிலுள்ள சிஸ்டரோ, மூத்த மாணவரோ இழிவுபடுத்தியும் மிரட்டியும் ஒதுக்கியும் இடைவிடாது துன்புறுத்துவதாகும். சங்க இலக்கியத்தில் தலைவியைத் தாய்போல் வளர்ப்பவளுக்குச் செவிலி என்று பெயர். அப்பெயர் தாங்கிய தொழிலிலேயே இக்கொடுமை நிலவுவது மனத்தை வருத்தும் விஷயம்.

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் தோன்றிய நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளியின் வழிவந்த இக்கல்வி முறை, மாணவியைக் கற்பவளாகவும் வார்டின் வேலையாளாகவும் ஒருங்கே வைத்து, கீழ்ப்படிதலைச் சிரேஷ்டமான குணமாகப் போற்றியது. மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் அடங்கி நடக்கும் செவிலியர், மேல்நோக்கிக் காட்ட இயலாத சினத்தைத் தம்மவர்மீதே காட்டுகின்றனர் என்று அமெரிக்க அறிஞர் சூசன் ஜோ ராபர்ட்ஸ் 1983-இல் விளக்கினார். நம் இளையவரை நாமே தின்கிறோமா என்று 1986-இல் ஜூடித் மெய்ஸ்னர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே கேட்ட கேள்வி, இன்றும் அத்தொழிலில் வழங்குகிறது.

நோயாளியும் உறவினரும் பார்த்திருக்க ஏசுவது, ஐயம் கேட்டவளை "இதுகூடத் தெரியாதா?" என்று மடக்குவது, மாணவியின் பிரசவப் பதிவேட்டில் கையொப்பமிடாமல் அலைக்கழிப்பது, இன்டர்னல் மதிப்பெண்ணைக் காட்டி அச்சுறுத்துவது என இவ்வதை பல ரூபங்களில் வரும். உறக்கமின்மை, மனச்சோர்வு, படிப்பைக் கைவிடும் எண்ணம் ஆகியவை இதன் விளைவுகள். ஆயினும் இவற்றினும் அபாயகரமானது மௌனமே. மருந்தின் அளவில் சந்தேகம் எழுந்தபோதும் ஏச்சுக்கு அஞ்சி வாய்திறவாத மாணவியின் கையில் இருப்பது ஓர் உயிர். வதைபட்டவரே பின்னாளில், தாம் பட்டதைப் பயிற்சியென்று கருதி, அதனையே பிறர்க்கு இழைக்கவும் கூடும்.

1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதையடுத்து இயற்றப்பட்ட 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், குற்றவாளிக்கு 2 ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது; புகாரை அலட்சியம் செய்யும் நிறுவனத் தலைவரையும் உடந்தையாளராகக் கொள்கிறது. விடுதியில் நிகழும் வதையை ராகிங் என்று உடனே அறிந்துகொள்ளும் நாம், வார்டில் நிகழ்வதைக் கண்டிப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறோம். பிழையை நோயாளியின் கட்டிலருகே அன்றித் தனியே அழைத்துத் திருத்துவதையும், கையொப்பமிடும் அதிகாரத்தை ஒருவரிடமே விடாதிருப்பதையும் செவிலியர் கல்லூரிகள் விதியாக்குதல் வேண்டும்.