காலியிடத்தின் வலிமை: கிறிஸ் ஸ்டேபிள்டனின் 'டிராவலர்' தொகுப்பில் குரல்

'டிராவலர்' (2015) குறித்த எழுத்துகளில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. ஸ்டேபிள்டன் கன்ட்ரி இசைக்கு வெளியிலிருந்து ஒரு சோல் குரலைக் கொண்டுவந்தார். அந்தக் குரலின் உரப்பு கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லை உலுக்கியது. 'டென்னசி விஸ்கி' அதற்குச் சான்று என்பது அதன் சாரம். சோல் இசைக்கு இத்தொகுப்பு பட்ட கடனை நானும் ஏற்கிறேன். உரப்பு பற்றிய கூற்றை ஏற்க இயலவில்லை. சான்றாக நிறுத்தப்படும் அந்தப் பாடலே அக்கூற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

எட்டா ஜேம்ஸ் 1967இல் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவுசெய்த 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' பாடலையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவு உடனே பிடிபடும். ஏ மேஜர், பி மைனர் என்னும் இரண்டே கார்டுகள் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் மெதுவான 12/8. நம் வழக்கில் சொன்னால், விளம்ப காலத்தில் திஸ்ர நடை. (கர்நாடக இசைச் சொற்களை இங்கே கடன் வாங்குவதில் ஆபத்து உண்டு என்பதை அறிவேன், ஆனால் கையில் இருக்கும் கருவியை ஒளித்துவைக்க மனமில்லை.) நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச்சோதனையில் குழுவினர் இந்த நடையை வாசித்துக்கொண்டிருந்தபோது, 'டென்னசி விஸ்கி'யின் சொற்களை அதன்மேல் பாடிப் பார்த்ததாக ஸ்டேபிள்டனே சொல்லியிருக்கிறார். ஆகவே கடனை மறுப்பது வீண்வேலை. கறுப்பின இசைக்கு நாஷ்வில் பட்ட கடனும் அதைத் தீர்க்காத கதையும் இன்னும் பெரியவை. அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. நடை சோல் என்பதால் குரலும் சோல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டீன் டில்லனும் லிண்டா ஹார்கிரோவும் எழுதிய இப்பாடலை 1981இல் டேவிட் ஆலன் கோ பாடினார். 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடியபோது அது பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. முந்தைய ஆய்வுகள் ஜோன்ஸின் பெயரை மரியாதைக்குச் சொல்லிவிட்டு எட்டா ஜேம்ஸிடம் ஓடிவிடுகின்றன. அந்த ஓட்டத்தில் தவறவிட்டது முக்கியமானது என்று கருதுகிறேன்.

ஜோன்ஸ் வாயை அதிகம் திறக்காமல், பல்லைக் கடித்தபடி பாடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவர் குரல் சத்தத்தால் பெரிதானதில்லை. ஓர் அசையைப் பிடித்து, வளைத்து, கீழே நழுவவிட்டு, மறுபடி மேலே தொட்டு விடுவிப்பது அவர் வித்தை. அது லெஃப்டி ஃபிரிசெல்லிடமிருந்து வந்தது. 1950களிலேயே ஃபிரிசெல் ஓர் உயிரெழுத்தை இரண்டு மூன்று சுரங்களுக்கு இழுத்துப் பாடி, பின்வந்த ஒரு தலைமுறையையே மாற்றிவிட்டார். நாம் பிருகா என்று அழைக்கும் உத்திக்கு நெருங்கிய ஒன்று கன்ட்ரிக்குள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. அதை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையே இருக்கவில்லை.

இனி ஒலிப்பதிவுக்கு வருவோம். ஸ்டேபிள்டனின் பதிவு ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஜோன்ஸின் பதிவு ஏறத்தாழ மூன்று நிமிடம். பாடப்படும் சொற்கள் கிட்டத்தட்ட அவையே. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கிட்டார் முன்னுரைக்கும் நடுவில் வரும் தனி வாசிப்புக்கும் கொஞ்சம் போயிற்று. பெரும்பகுதி வரிகளுக்கு இடையே கிடக்கிறது. சரணத்தின் முதல் வரியை அவர் கீழ்ச்சுரத்தில், பேச்சுக்குப் பக்கத்தில் தொடங்குகிறார். வரி முடிகிறது, குரல் நிற்கிறது, டிரம்மும் பேஸும் சும்மா நடக்கின்றன. பல்லவியின் தொடக்கத்தில் குரல் மேலே தாவிப் பல சுரங்களாக உடையும்போது நாம் பேரொலி கேட்டதாக நினைக்கிறோம். பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். உரப்பு கூடுவது உண்மை, ஆனால் நினைவில் தங்கிய அளவுக்கு இல்லை. முன்னால் விடப்பட்ட காலியிடமே அந்தத் தாவலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரண்டே கார்டுகள் இருப்பதன் பயனும் இங்கேதான். அடியில் இசை எங்கும் நகராததால், நகர்வதெல்லாம் குரலின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எட்டா ஜேம்ஸின் நடை ஜோன்ஸின் வளைவுக்கு இடம் தந்தது. என் வாசிப்பை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தயாரிப்பாளர் டேவ் காப் இதற்குத் துணைநின்றார். நாஷ்வில்லின் ஆர்சிஏ ஸ்டுடியோ ஏ, 2014இல் இடிபடவிருந்து தப்பிய பெரிய கூடம். அங்கே குழுவினர் ஒரே நேரத்தில் வாசிக்க, பாடகரும் கிட்டாரோடு உடன் பாடினார். மனைவி மார்கேன் ஸ்டேபிள்டனின் குரல் பல பாடல்களில் அடியில் மெல்லியதாக ஓடுகிறது. அந்தச் சன்னக் கோடு பக்கத்தில் இருப்பதால்தான் மற்றதன் கனம் நமக்குத் தெரிகிறது.

உரப்பே காரணம் என்பவர்கள் தொகுப்பின் கடைசிப் பாடலான 'சம்டைம்ஸ் ஐ க்ரை'யை விளக்க வேண்டும். சிறு கூட்டத்தின் முன் பதிவான அதில் தொண்டை முழுதாகத் திறக்கிறது. பதினான்கு பாடல்களில் அதிக உரப்பு அங்கேதான். ஊரைத் திருப்பியது அந்தப் பாடல் இல்லையே.

2015 நவம்பர் 4இல் சிஎம்ஏ (கன்ட்ரி இசைச் சங்க) விருது மேடையில் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு பாடியதே எல்லாவற்றையும் செய்தது என்ற மறுப்பு வரும். அந்த இரவுக்குப் பின் தொகுப்பு பில்போர்ட் 200இல் முதலிடத்தில் மறுநுழைவு செய்தது உண்மை. தொலைக்காட்சி கேட்பவர்களைக் கூட்டிவரும். என்ன கேட்டார்கள் என்பதை அது விளக்காது. இதற்கு மேல் இந்த மறுப்பில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

இன்னொன்று ஊகமாகவே சொல்லத்தக்கது. 2001இல் நாஷ்வில்லுக்கு வந்த ஸ்டேபிள்டன் பல ஆண்டுகள் பிறருக்குப் பாட்டெழுதினார். கென்னி செஸ்னி, ஜோஷ் டர்னர், லூக் பிரையன் பாடிய வெற்றிகளில் அவர் கை உண்டு. மாதிரிப் பதிவில் எழுதியவரே பாடும்போது, நாளை இன்னொருவர் வந்து நிற்க இடம் விட்டுப் பாட வேண்டும். அந்தப் பழக்கம் சொந்தத் தொகுப்பிலும் தங்கியிருக்கலாம்.

நடையையும் குரலையும் பிரித்த என் வாசிப்பைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. 2007இல் டிம் மெக்ரா பாடி வெளியிட்ட 'விஸ்கி அண்ட் யூ'வை ஸ்டேபிள்டன் இத்தொகுப்பில் தனியாகப் பாடுகிறார். டிரம் இல்லை, பேஸ் இல்லை, மசில் ஷோல்ஸ் நடை இல்லை. ஒரே ஒரு கிட்டார். நடைதான் குரலைத் தந்தது என்றால் இங்கே அது வேறாகியிருக்க வேண்டும். ஆனால் வரியின் கடைசி அசை, ஜோன்ஸிடம் கேட்ட அதே வளைவில்தான் இங்கும் இறங்குகிறது, தாழ்ந்த குரலில்.