சுமப்பவர் இல்லாத கேமரா

மயிலம் மலையடிவாரத்தில் பூ விற்கும் பாட்டி என்னை ஒரே கேள்வியோடுதான் மேலே அனுப்புவார்: “ஒண்டியா ஏம்மா ஏறுற?” முருகனைக் கும்பிடப் படியேறும் பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மழைவிட்ட ஐப்பசிக் காலையில், தோளில் கேமராவுடன், மலையைப் பார்க்கவே ஏறுகிறவளிடம்தான் கேட்கிறார்கள்.

என்னிடம் இருப்பது லென்ஸ் மாற்ற முடியாத பழைய கேமரா. முக்காலி இல்லை. தொழில் கற்க ஒரு ஸ்டுடியோவுக்குப் போனபோது, “பொம்பளப் புள்ளைங்க கேமராவுக்கு முன்னாடி நிக்கத்தான் வருவாங்க” என்று சிரித்து அனுப்பினார்கள். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு வயது என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழில் கூதிர்காலம். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த பெரும்பொழுதும் அதுவே. ஆனால் அந்த மரபில் மழையிலும் இருட்டிலும் மலைவழியைக் கடந்து வருகிறவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி.

கேமரா வந்தபோதும் மலைவழி ஆண்களுடையதாகவே இருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப், சேலம் மாவட்டத்து ராயக்கோட்டைப் பகுதியை எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன. சாமுவேல் போர்ன் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயமலைக்குப் போனார். அவர் கையாண்ட ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள் எல்லாம் மலையேற வேண்டும். அவற்றைக் கூலியாட்கள் டஜன் கணக்கில் சுமந்தார்கள். மலையின் பெயரும் போர்னின் பெயரும் நிலைத்தன. சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே?

1913இல் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராக அறியப்படுபவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சேறின. 1956 நவம்பரில், நம் ஊரில் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் மாதத்தில், தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாகச் சிக்கிமுக்கு வந்தார். அதைப் படமெடுக்க ஹோமாய் கேமராவை முதுகில் சுமந்து டார்ஜிலிங் வரை ரயிலிலும், அங்கிருந்து ஐந்து மணி நேரம் காரிலும் பயணம் செய்து கேங்டாக் சேர்ந்தார். தனியாகப் போனவருக்குத் தங்கப் பாதுகாப்பான இடம்கூட இருக்கவில்லை. “ஒண்டியா ஏம்மா?” என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர் பயன்படுத்திய கேமராக்களில் ரோலிஃபிளெக்ஸும் ஒன்று. அதிலும் லென்ஸை மாற்ற முடியாது. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். தூரத்தை நெருக்க வேண்டுமானால் கால்தான் நடக்க வேண்டும். எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த பாடமும் அதுதான். திண்டிவனத்தில் பேருந்து ஏறிச் செஞ்சிக்குப் போவேன். ராஜகிரியின் பாறைகள் மழையில் நனைந்து கறுத்திருக்கும். இடுக்குகளில் புல் பச்சைப்பசேலென்று நிற்கும். மேல்நாட்டுப் படங்களின் சிவந்த இலைகளை இங்கே தேடக் கூடாது. மழை தூசியைக் கழுவிய பிறகு, காலையின் சாய்ந்த வெயிலில் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். துண்டை மடித்துக் கல்மேல் வைத்தால் அதுவே முக்காலி. புல்லுக்கட்டோடு இறங்கும் பெண்கள் படத்தில் விழுந்தால், அவர்களிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்கிறேன். சம்மதித்தால் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

சென்ற கார்த்திகையில் மயிலம் மலையுச்சியிலிருந்து எடுத்த படத்தைப் பூக்காரப் பாட்டியிடம் காட்டினேன். முட்டிவலியால் அவர் மேலேறிப் பல வருடமாகிறது. ஏரி, வயல், தூரத்துச் சாலை என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நாளைக்கு எத்தினி மணிக்கு ஏறுவ? அந்தாண்டப் பக்கமும் எடுத்தாம்மா.”