ஆறு பேரை அழைத்து வா!

முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டுப்பாளையம் சாலையில், துடியலூர்ப் பக்கத்துத் திருமண மண்டபம். வாழைமரம் இல்லை, மேளம் இல்லை, மணமக்களும் இல்லை. ஆயினும் மண்டபம் நிரம்பி வழிகிறது. மணவறை இருக்க வேண்டிய இடத்திலே ஒரு வெண்பலகை. அதன் உச்சியில் ஒரு வட்டம், அதுதான் நீங்கள். அதன் கீழே ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் மேலும் ஆறு. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் முழங்குகிறார்: "ஆறே ஆறு பேருங்க! தெரிஞ்சவங்க ஆறு பேர் கூடவா உங்களுக்கு இல்லை?" கைதட்டல் கூரையைத் தொடுகிறது.

ஆலைத் தொழிலாளி அங்கே அமர்ந்திருந்தார். மோட்டார் பட்டறையில் கடைசல் பிடிக்கும் தோழர் அமர்ந்திருந்தார். தாலிக்கொடியை அடகு வைத்த பணத்தை முந்தானையிலே முடிந்து வைத்திருந்த அம்மையார் அமர்ந்திருந்தார். கல்லூரியின் இறுதியாண்டில் படித்துக்கொண்டிருந்த நாமும் அமர்ந்திருந்தோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர்கள் மாறும், வட்டங்கள் மாறுவதில்லை. அந்த வட்டங்கள் வந்த வழியைத்தான் ஆராய வேண்டும்.

1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே சார்லஸ் பான்சி என்பவர் 45 நாட்களில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் தருவதாகச் சொன்னார். அஞ்சல் கூப்பன் வாணிபம் என்றார். வாணிபம் பெயருக்குத்தான், நேற்று வந்தவனுக்கு இன்று வந்தவனின் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கோட்டை சரிந்தது. ஒரு நுட்பத்தைப் பின்வந்தோர் முழுமையாக்கினர். ஆள் பிடிக்கும் வேலையைத் தாமே ஏன் செய்ய வேண்டும்? பணம் போட்டவனையே பிடிக்கச் சொன்னால் என்ன? 1945-இல் நியூட்ரிலைட் என்னும் சத்துமாத்திரை விற்பனையில், தான் விற்றதற்கு மட்டுமன்றித் தன்னால் சேர்க்கப்பட்டவர் விற்றதற்கும் பங்கு உண்டு என்னும் முறை பிறந்தது. அதை விற்றுப் பழகிய இருவர் 1959-இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர்.

பொருளை வீடு தேடிச் சென்று விற்பது குற்றமா? அன்று. நம் ஊரிலே சேலை மூட்டையைச் சுமந்து தெருத்தெருவாக விற்பவரை யாரே பழிப்பார்? சிக்கல் எங்கே என்றால், வருவாய் பொருள் விற்றதால் வருகிறதா, ஆள் சேர்த்ததால் வருகிறதா என்பதிலேதான். 1979-இல் அமெரிக்க வாணிபக் கண்காணிப்பு ஆணையம் ஆம்வே பிரமிடுத் திட்டமன்று என்று முடிவு கூறிற்று. விற்காத சரக்கைத் திரும்பப் பெறும் விதியும், வாங்கியதில் பெரும்பகுதியை விற்றாக வேண்டும் என்ற விதியும் அதற்குத் துணை நின்றன. ஆனால் வருவாயை மிகைப்படுத்திக் காட்டி ஆள் சேர்க்கலாகாது என்றும் அதே ஆணையம் கட்டளையிட்டது. இங்கோ, 2007-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்நிறுவனத்தின் திட்டம் இந்திய நாட்டின் 1978-ஆம் ஆண்டுத் தடைச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்றது. கடல் கடந்தால் தீர்ப்பும் மாறுகிறது!

அந்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த கதையும் அறியத்தக்கது. நம் கொங்கு நாட்டுக்கு ஏலச்சீட்டு புதிதன்று. இருபது பேர், இருபது திங்கள். ஆளுக்கு ஒருமுறை சீட்டு. கழிவு எல்லோருக்கும் பங்கு. இருபத்தோராவது ஆள் தேவையே இல்லை. இந்த மூடிய வட்டத்தை உடைத்து உருவானது பரிசுச் சீட்டு. குலுக்கலில் பெயர் விழுந்தவன் மீதித் தவணை கட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் முடிவிலே தம் பணத்தை வட்டியின்றி வாங்கிக்கொள்ள வேண்டியது. இடையில் உள்ள கொழுப்பெல்லாம் நடத்துபவனுக்கு. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975-இல் இவற்றை ஒழிக்க வேண்டுமென அறிக்கை தந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவைத் தோழர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். நடத்துபவனை மட்டுமா அது தடுக்கிறது? ஆள் சேர்ப்பதையும் தடுக்கிறது, பங்கு கொள்வதையும் தடுக்கிறது. "எனக்குக் கிடைத்த வாய்ப்பை நண்பனுக்கும் சொன்னேன், அவ்வளவுதான்" என்ற சமாதானம் சட்டத்தின் முன் செல்லாது.

சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். நாம் பள்ளியிலே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெருக்கல்தான். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அவர்கள் முப்பத்தாறு பேரை. அவர்கள் இருநூற்றுப் பதினாறு பேரை. ஒன்பது அடுக்கு இறங்கினால் கூட்டுத்தொகை 1,20,93,234. கோவை மாவட்டத்தின் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பின்படி 34,58,045. பத்தாம் அடுக்கையும் கூட்டினால் 7,25,59,410. தமிழ்நாட்டு மக்கள் அனைவரும், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உள்பட, அதே கணக்கெடுப்பில் 7,21,47,030 பேர்தான்! பத்தே படியில் நாடு தீர்ந்துவிட்டது. எந்தப் படியில் நின்றாலும் சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியிலே இருப்பர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அவர்களை ஏமாற்ற யாரும் முயல வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடே அதைச் செய்து முடித்துவிடும்.

தோற்றவனைப் பார்த்து மேடை என்ன சொல்கிறது? "நீ உழைக்கவில்லை, உனக்கு நம்பிக்கை போதவில்லை." இந்தக் குரலை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோமே! பரிகாரம் பலிக்காதபோது சோதிடர் சொல்வதும் இதைத்தானே! வென்றால் திட்டத்தின் பெருமை, தோற்றால் உன் குறை. ஆறில் ஐவர் தோற்கும்படி அமைந்த ஏணியில் நின்றுகொண்டு, தோற்றவன் தன் நெஞ்சையே நொந்துகொள்கிறான். வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மூலதனம்.

வெளிநாட்டிலே தொலைவான சான்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அல்பேனியா என்னும் சிறு நாடு. அங்கே பாதிக்கு மேற்பட்ட மக்கள் இத்தகைய திட்டங்களில் பணம் போட்டிருந்தனர். 1997-இல் அவை சரிந்தபோது ஆட்சியே கவிழ்ந்தது. கலவரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். அண்மைச் சான்றுக்கு நாம் பேருந்து ஏறினாலே போதும். திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வாணிபம் என்று சொல்லி ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டி 2009-இல் வீழ்ந்தது. கோவையிலுள்ள முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பதின்மூன்று ஆண்டுகள்! பெண்ணின் திருமணத்துக்கென்று போட்ட பணம் என்றால், அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பள்ளி சென்றிருக்கும். 2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் சரிந்தன. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசு தீனி போட வேண்டியதாயிற்று. ஈமு இறைச்சி வாங்க நம் சந்தையிலே யார் வரிசையில் நின்றார்கள்? பறவையை வளர்ப்பதற்கு வாங்கியவர் பலர், உண்பதற்கு வாங்கியவர் சிலர். இந்த ஒன்றைக் கேட்டிருந்தால் போதுமே!

ஆனால் கேட்பவனைப் பகைவனாகக் காணும் மனநிலையும் வளர்ந்துவிடுகிறது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானதும், 2024 சனவரி 29 அன்று கோவை நீலம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பணம் கேட்டு அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக! வழக்கின் முடிவைக் கூறுவது நீதிமன்றத்தின் வேலை. அந்தக் கூட்டத்தின் முகங்களைத்தான் நம்மால் மறக்க முடியவில்லை. அவர்கள் அனைவருமே பிறரை அழைத்திருப்பவர்கள் அல்லது அழைக்கக் காத்திருந்தவர்கள். திட்டம் பொய் என்று ஒப்பினால் அழைத்தது தவறு என்றும் ஒப்ப வேண்டும்.

அப்படியானால் ஆள் சேர்ப்பதே பாவமா? நம் துடியலூரிலேயே டியூகாஸ் என்று ஊரார் சுருக்கி அழைக்கும் கூட்டுறவு வேளாண் சேவைச் சங்கம் இருக்கிறது. அங்கும் உறுப்பினர் சேர்ந்தனர், ஒருவர் சொல்லி ஒருவர் வந்தனர். வந்தவர் உரம் வாங்கினார், கருவி வாங்கினார். தமக்குப் பின் ஒருவரும் சேராவிட்டாலும் அவர் வாங்கிய உரம் வயலுக்குப் பயன்பட்டது. 1904-இல் திரூரிலே முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவான நாள் முதல் இந்நாட்டில் இப்படிச் சேர்ந்தவர் கோடிக்கணக்கானோர். நம்மை அழைப்பவரிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே. எனக்குப் பின் எவரும் வராவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? திட்டத்தை நீக்கிவிட்டு இந்தப் பொருளை மட்டும் கடைவீதியில் வைத்தால், இந்த விலைக்கு எவரேனும் வாங்குவரா? ஐயா, நீங்கள் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு. நான் கையெழுத்திட்டால் உங்களுக்கு எவ்வளவு? 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், சேர்வதற்குக் கட்டணம் வாங்கலாகாது என்கின்றன. முன்னனுமதியும் அடையாள அட்டையும் இன்றி வீட்டுப் படியேறலாகாது என்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது. மாமனும் மச்சானும் அடையாள அட்டை காட்டியா வீட்டுக்குள் வருகிறார்கள்?

நாம் காட்டவில்லை. அன்று மண்டபத்திலிருந்து இறங்கியதும் முதலில் சென்றது, விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழனிடம். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். திங்களுக்கு இருபதாயிரம் வருகிறது என்று சொன்னோம். வந்தவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை; மேடையில் சொன்னார்கள், அதைக் கண்டதுபோலச் சொன்னோம். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. ஆறு திங்களில் எல்லாம் முடிந்தது.

ஆசிரியர் வேலை கிடைத்த பிறகு, அந்தப் பணத்தை மூன்று தவணையாகத் திருப்பித் தரச் சென்றோம். முதல் இரண்டை வாங்கிக்கொண்டான். மூன்றாவதை வாங்க மறுத்துவிட்டான். "இதைக் கவுண்டம்பாளையத்துல எங்க மாமன்கிட்டக் கொண்டு போய்க் கொடு. அவரைச் சேர்த்தது நான்" என்றான். போனோம். திண்ணையில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் பணத்தை எண்ணிப் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, தாம் சேர்த்த இருவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று நமக்கு வழி சொல்லத் தொடங்கினார்.