மாட்டுஷ்காவின் பாதையும் ஜெர்மன் கால்பந்தின் கீழ் அடுக்குகளும்: 2005–2016

கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே முடிவுகளுக்கு வருகின்றன: ஒன்று, உழைத்து மேலே வந்தார்; அல்லது, திறமை இருந்தும் கவனிக்கப்படாமல் போனார். இரண்டிலும் ஆட்டக்காரர் மட்டுமே நகர்கிறார். லீக்குகள் நின்ற இடத்தில் நிற்பதாகக் கொள்ளப்படுகிறது. ஜெர்மனியில் அவை நிற்கவில்லை. 1994இல் மூன்றாம் அடுக்காக நான்கு பிரிவுகளுடன் தொடங்கிய ரீகியோனாலிகா, 2000இல் இரண்டு பிரிவுகளாகச் சுருங்கியது. 2008இல் 20 அணிகள் கொண்ட நாடு தழுவிய மூன்றாம் லீகா உருவானபோது அது நான்காம் அடுக்குக்கு இறங்கியது. எனவே, ஓர் ஆட்டக்காரரின் ஏற்ற இறக்கத்தை இந்த மாற்றங்களோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

நடுக்கள ஆட்டக்காரர் டோர்ஸ்டன் மாட்டுஷ்கா இதற்கு நல்ல சான்று. 1980இல் கோட்புஸில் பிறந்தவர். உள்ளூர் அமெச்சூர் கிளப்பிலிருந்து 2002இல் எனர்ஜி கோட்புஸுக்கு வந்தார். 2005இல் யூனியன் பெர்லினில் சேர்ந்தபோது, அடுத்தடுத்து இரண்டு முறை தரமிறங்கியிருந்த அந்தக் கிளப் நான்காம் அடுக்கான ஓபர்லிகாவில் கிடந்தது. நான்கே ஆண்டுகளில் அது இரண்டாம் புண்டெஸ்லிகாவை எட்டியது. 2011 பிப்ரவரி 5 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில், 74,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில், ஹெர்தா அணியை 2–1 என வீழ்த்திய ஃப்ரீ கிக்கை அடித்தவர் அவரே.

அணித்தலைவராகவும் ஃப்ரீ கிக் வல்லவராகவும் இருந்தவர் கிளப்பைத் தானே தூக்கி நிறுத்தினார், இதில் லீக் அமைப்புக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 2007–08 பருவத்தின் விதி இதற்குப் பதில் சொல்கிறது. ரீகியோனாலிகாவின் இரு பிரிவுகளிலும் முதல் இரண்டு அணிகள் மேலே சென்றன. 3 முதல் 10 வரையிலான இடங்களைப் பிடித்தவை புதிய மூன்றாம் லீகாவில் சேர்ந்தன. 11ஆம் இடத்திலிருந்தவை நான்காம் அடுக்குக்குப் போயின. வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் 10ஆம், 11ஆம் அணிகள் மறு பருவமும் ஒரே லீக்கில் ஆடியிருக்கும். யூனியன் முதல் பத்துக்குள் வந்ததற்கு ஆட்டத்திறனைக் காரணம் காட்டலாம். அந்தப் பத்துக்கு இவ்வளவு விலை ஏற்பட்டது விதியால். அடுத்த ஆண்டே யூனியன் மூன்றாம் லீகாவின் முதல் சாம்பியனானது.

அது ஒரு விதிவிலக்கான ஆண்டு என்ற மறுப்பும் எழலாம். ஆனால் 2012இல் ரீகியோனாலிகா ஐந்து பிரிவுகளானபின், 2018 வரை ஐந்து சாம்பியன்களும் ஒரு இரண்டாமிட அணியும் மூன்றே இடங்களுக்காக மோதின. தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணியின் ஆட்டக்காரர்கள்கூட அதே லீக்கில் தங்க நேர்ந்தது. சாதனைப் பட்டியலில் அது தேக்கமாகத் தெரியும்.

இறங்குமுகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2014இல் மாட்டுஷ்கா, மூன்றாம் லீகாவுக்கு அப்போதுதான் இறங்கியிருந்த கோட்புஸுக்குத் திரும்பினார். 2016இல் ஓபர்லிகாவில் இருந்த ஆல்ட்கிளீனிக்கேவுக்குச் சென்றார். லீக்கின் பெயரை மட்டும் பார்த்தால், 2005இல் இருந்த நிலைக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்; ஆனால் ஓபர்லிகா அதற்குள் ஐந்தாம் அடுக்காகியிருந்தது. கீழ் அடுக்கு ஆட்டக்காரரை மதிப்பிடும் ஆய்வாளர், அவர் ஆடிய லீக்கோடு அந்தப் பருவத்தின் ஏற்ற இறக்க விதியையும் பதிவு செய்தாக வேண்டும். அது இல்லாமல் போடப்படும் ஒப்பீடு, ஆட்டக்காரரின் குறையையும் விதியின் விளைவையும் ஒரே கணக்கில் எழுதிவிடும்.